துவைக்கக் கூடாத துணி

உட்ரெக்ட், ஹாலந்து
14-1-1979

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள லூர்து அண்ணிக்கு அமலராணி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நான் இங்கே சுகம். அம்மா, ஸ்தனிஸ் அண்ணன், நீங்கள், சின்னவன் எல்லோரும் சுகம்தானே? அம்மாவின் முட்டிவலிக்குப் போன தடவை அனுப்பிய தைலம் கேட்கிறதா? இங்கே பனி கொட்டுகிறது. ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் போய்ச் சேர்வதற்குள் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் கடிதத்தின் பின்னாலேயே ஒரு பார்சல் வரும். உள்ளே நாலு கஜம் வெள்ளைத் துணி இருக்கும். பிரித்த கையோடு சின்னவனுக்குச் சட்டை வெட்டிவிடாதீர்கள் அண்ணி. அது வேறொரு காரியத்துக்கு.

இங்கே யோஸ்ட் என்று ஓர் ஓவியர் இருக்கிறார். ஓவியர் என்றால் படம் வரைய மாட்டார். வெறும் வெள்ளைத் துணியை யாராவது ஒரு வீட்டுக்குக் கொடுப்பார். அந்த வீட்டார் அதை ஆறு மாதம் எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். விரிக்கலாம், போர்த்தலாம், அடுப்படியில் கரி துடைக்கலாம். துவைக்க மட்டும் கூடாது. ஆறு மாதம் கழித்து அப்படியே திருப்பிக் கொடுத்தால் சுவரில் மாட்டுவார். ஜனங்கள் வந்து பார்ப்பார்கள். ஒரு படகுக்காரர், ஒரு ரொட்டிக்கடை, ஒரு ஜெயில் சமையல்கட்டு என்று அவரிடம் நிறையத் துணிகள் சேர்ந்துவிட்டன. இந்தியாவிலிருந்து ஒன்று வேண்டுமென்று கேட்டார். நான் நம் வீட்டைச் சொல்லிவிட்டேன்.

அண்ணனிடம், ஆஸ்பத்திரியில் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று உங்களுக்குத் தெரியும். சின்னவனுக்கு என் முத்தங்கள்.

அன்பு நாத்தனார்,
அமலராணி


பாலக்கரை, திருச்சி
8-2-1979

இயேசுவுக்கே புகழ், மரியாயே வாழ்க

அன்பு அமலாவுக்கு லூர்து அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்காகச் சகாய மாதா கோயிலில் புதன்கிழமை தவறாமல் வேண்டிக்கொள்கிறோம்.

பார்சல் வந்தது. உங்கண்ணன் திருவெறும்பூர் ஃபாக்டரி பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வருவதற்குள், ஹாலந்திலிருந்து பட்டு வந்திருக்கிறதென்று தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. பிரித்தால் காடாத் துணி! எதிர்வீட்டு சகாயம்மாள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

அத்தை தடவிப் பார்த்துவிட்டு, "கெட்டியாத்தான் இருக்கு. என்னத்துக்காம்?" என்றார். சொன்னேன்.

"அழுக்குத் துணிய மாட்டி வச்சுப் பாக்கறாங்களா? ஏன், அந்த ஊர்ல சோப்பு கெடைக்காதா?"

"அவரு ஓவியராம் அத்தை."

"பொண்டாட்டி இல்லாத ஓவியனாக்கும். இருந்திருந்தா வெளுத்துப் போட்டிருப்பா."

அமலா, உங்கம்மா தற்செயலாகக் கேட்டது சரியான கேள்வி. அவருக்குப் பெண்டாட்டி உண்டா? வயசு என்ன? ஊருக்கெல்லாம் துணி கொடுக்கிறவர் உன்னிடம் எப்படி வந்தார்? விவரமாக எழுது.

இன்னொரு சங்கதி. திருவெறும்பூர் இருதயநாதன் வீட்டிலிருந்து போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார்கள். பையன் துப்பாக்கித் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். உன் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நான் கேசரி, பஜ்ஜி எல்லாம் செய்து வைத்திருந்தேன். ஒரு வாய் தொட வேண்டுமே! "சம்பந்தம் முடிவாகட்டுங்க, அப்புறம் கை நனைக்கிறோம்" என்று ஆளுக்கு ஒரு கலர் சோடா மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்கள். எனக்கு எரிச்சல். அத்தைக்கோ பரம திருப்தி. "மொறை தெரிஞ்ச குடும்பம். முடிவாகாத வீட்டுல சாப்பிடக் கூடாது. நானும் அப்படித்தான், அவங்க வீட்டுல போயி கை நனைச்சப்புறம்தான் பொண்ணக் குடுப்பேன்" என்கிறார். கேசரி முழுவதையும் உங்கண்ணன் தின்று தீர்த்தார்.

பதில் உடனே எழுது. அத்தை வழக்கம்போல் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு கீழே தன் சிலுவையைப் போடுகிறார். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் அவர் கை பட்டால்தான் கடிதமாம்.

உன் அண்ணி,
லூர்துராணி

†


உட்ரெக்ட்
25-2-1979

அன்புள்ள அண்ணிக்கு, சுகம். உங்கள் சுகத்தை அறிய ஆவல். அம்மாவின் சிலுவையைப் பார்த்ததும் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

யோஸ்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போன வருஷம் பனியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டு எங்கள் வார்டுக்கு வந்தார். படுக்கை விரிப்பை மாற்றாதே, எனக்கு அது வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நான் தினமும் மாற்றினேன். அவர் தினமும் சண்டை போட்டார். டிஸ்சார்ஜ் ஆகும்போது, இந்த ஆஸ்பத்திரியிலேயே என்னைத் தோற்கடித்தது நீ ஒருத்திதான் என்று சொல்லிக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

முன்னால் அவர் நன்றாகவே படம் வரைந்தவர்தான். பெரிய மனிதர்கள் தங்களை வரையச் சொல்லிக் காத்திருந்தார்களாம். ஒரு நாள் பெயின்ட் எல்லாவற்றையும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். கேட்டால், மனுஷர்கள் தாங்களே போடுகிற கறை நான் தூரிகையால் போடுவதைவிட நிஜமாக இருக்கிறது என்கிறார். ஒரு பழைய ரொட்டிக்கடையில் குடியிருக்கிறார். ரொட்டி சுட்ட அடுப்புக்குள் புஸ்தகம் அடுக்கியிருக்கிறார். இரண்டு காலிலும் ஒரே நிறத்தில் காலுறை போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு பத்திரிகை அவரை அழுக்குத் துணி வியாபாரி என்று எழுதியது. அதைக் கத்தரித்து வாசல் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.

இந்த ஊரில் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை அண்ணி. தெருவில் போனால் ஒவ்வொரு வீட்டிலும் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரியும். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

இருதயநாதன் வீட்டாரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கேசரி வீணாகாமல் அண்ணன் சாப்பிட்டது நல்லதாயிற்று.

அன்புடன்,
அமலா


பாலக்கரை
2-4-1979

அன்பு அமலாவுக்கு, சுகம். சின்னவனுக்குப் பல் வருகிறது, வீடே தூங்கவில்லை. மற்றபடி ஆண்டவர் புண்ணியத்தில் குறையில்லை.

உன் துணி படாத பாடு படுகிறது. மாசியில் மாடியில் விரித்து வடகம் பிழிந்தேன். அப்புறம் சின்னவனுக்குத் தூளி கட்டினேன். அவன் தன் பங்குக்கு என்ன செய்தான் என்று எழுத வேண்டியதில்லை. உங்கண்ணன் சைக்கிள் செயினைத் துடைத்துவிட்டு, "ஆராய்ச்சிக்குத்தானே" என்கிறார். அத்தைதான் தினம் ஒரு தடவை, "ஒரே ஒரு அலசு அலசிப் போடேண்டி, யாருக்குத் தெரியப் போவுது" என்று கெஞ்சுகிறார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உன் சிநேகிதி வைஜயந்தியைப் பார்த்தேன். சொன்னால் காதைப் பொத்திக்கொண்டாள். "நல்ல வேளை, எங்காத்துக்கு அனுப்பலை. எங்க மாமியார் அதைத் துவைக்காம வாசப்படி தாண்ட விடமாட்டா" என்றாள். ஸ்ரீரங்கத்துக்கு ஒரு நாள் வரச் சொல்லியிருக்கிறாள்.

அது இருக்கட்டும். நான் மூன்று கேள்வி கேட்டேன். நீ ஆறு பக்கம் எழுதி ஒன்றுக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறாய். அந்த மனுஷருடைய காலுறை என்ன நிறம் என்றுகூடத் தெரிந்துவிட்டது, கட்டப்போகிறவன் என்று நாங்கள் பார்த்து வைத்தவனுக்கு மிச்சம் கேசரி! எனக்குக் கண் இருக்கிறதடி. அவரை உனக்குப் பிடித்திருக்கிறதா? பாஸ்குத் திருநாள் முடிந்ததும் இருதயநாதன் வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆமாம், இல்லை, ரெண்டில் ஒன்று எழுது. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

லூர்து

†


உட்ரெக்ட்
15-4-1979, பாஸ்கு ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துக்கள். எல்லோருக்கும் சொல்லுங்கள்.

ஆமாம்.

அவருக்கு நாற்பத்துமூன்று வயசு. கல்யாணம் ஆனதில்லை. ஞானஸ்நானம் வாங்கியவர், ஆனால் கோயிலுக்குப் போவதில்லை. இன்று எனக்காக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கட்டிக்கொள்வாயா என்று மார்ச் மாதமே கேட்டுவிட்டார். அம்மாவைக் கேட்க வேண்டும் என்றேன். முப்பத்தொரு வயசில் அம்மாவைக் கேட்பதா என்று சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அப்படியானால் உன் அம்மா சொல்லும் வரை இதைப் பற்றிப் பேச மாட்டேன் என்றார், பேசவும் இல்லை.

அம்மா வேண்டாமென்றால் நான் செய்ய மாட்டேன் அண்ணி. அப்பா போன பிறகு எங்களை வளர்க்க அம்மா பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். ஆனால் இன்னொருவரைக் கட்டிக்கொள்ளவும் என்னால் முடியாது. அம்மாவுக்கு நல்ல நேரம் பார்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்களை நம்பியிருக்கும்,
அமலா


உட்ரெக்ட்
10-6-1979

அன்புள்ள அண்ணிக்கு, சுகம், சுகத்துக்கு எழுதவும். என் பாஸ்குக் கடிதம் கிடைத்ததா? எட்டு வாரமாகப் பதில் இல்லை. தபால்காரன் மணி அடித்தால் ஓடிப் போய்ப் பார்க்கிறேன். அம்மாவுக்குக் கோபமா? கோபமென்றாலும் எழுதிவிடுங்கள், தாங்கிக்கொள்வேன்.

அமலா


பாலக்கரை
20-8-1979

அன்புத் தங்கை அமலராணிக்கு ஸ்தனிஸ்லாஸ் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு யாவரும் சுகம். நிற்க.

நீ அனுப்பிய துணியை இன்று ஏர் மெயிலில் ரிஜிஸ்டர் செய்து அனுப்பியுள்ளேன். பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் பொருள் என்பதால் உன் அண்ணி மிகவும் சிரமப்பட்டு அதை வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து வைத்தாள். துவைக்க வேண்டாம் என்று அவர்கள் சொல்லியிருந்தது நமக்குச் சிரமம் தரக் கூடாது என்ற மரியாதைக்காக இருக்கும். அதற்காக நாம் அப்படியே கொடுத்துவிட முடியாதல்லவா? நம் ஊர்ப் பெயர் கெடாத விதத்தில் இருக்கும் என்று நம்புகிறேன்.

அம்மாவுக்கு லேசான ஜலதோஷம். வேறு விசேஷமில்லை. காவேரியில் தண்ணீர் வந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தை. ஸ்தனிஸ்லாஸ்


உட்ரெக்ட்
30-9-1979

அன்புள்ள அண்ணிக்கு,

துணி வந்தது. யோஸ்ட் மேசைமேல் வைத்துப் பிரித்தார். மொடமொடவென்று கஞ்சி, கத்தி மாதிரி மடிப்பு, ஒரு ஓரத்தில் நீலம் திட்டுத் திட்டாக. நடுவில் சகாய மாதா படம். எனக்கு மானம் போயிற்று. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். நான்தான் சரியாக விளக்கி எழுதவில்லை, இன்னொரு துணி கொடுங்கள் என்று அழாக்குறையாகச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. மடிப்பின் ஓரத்தை விரலால் நீவிப் பார்த்தார். பிறகு, "நன்றாகத் துவைக்கிற வீடு. எதைத் துவைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

அண்ணி, நான் நர்ஸ். மடிப்பைப் பிரித்து முகர்ந்து பார்த்தேன். கஞ்சிக்கும் நீலத்துக்கும் அடியில் டெட்டால் வாசனை. வடகம் பிழிந்த துணியையும் குழந்தைத் தூளியையும் யாரும் டெட்டாலில் ஊறவைக்க மாட்டார்கள். ஓடிப் போய் அண்ணன் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் அம்மாவின் சிலுவை இல்லை. ஜலதோஷக்காரிக்கு ஒரு சிலுவை போட முடியாதா? சுகம் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு இத்தனை நாள் சிலுவையைத் தேடாமல் இருந்துவிட்டேனே.

அம்மா உயிரோடு இருக்கிறாளா? அதை முதல் வரியில் எழுதுங்கள்.

துணியை அவர் மாட்டிவிட்டார். அத்தனை அழுக்குக்கும் நடுவில் அது ஒன்று மட்டும் பளீரென்று தொங்குகிறது. வருகிறவர்கள் அதற்கு முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள். கீழே ஒரு சீட்டில், 'திருச்சிராப்பள்ளியில் ஒரு வீடு, ஆறு மாதம்' என்று எழுதி வைத்திருக்கிறார்.

அமலா


பாலக்கரை
12-10-1979

அமலா,

அத்தை உயிரோடு இருக்கிறார். நன்றாகச் சண்டையும் போடுகிறார். இந்தத் தடவை சுகம் என்று ஆரம்பிக்கப் போவதில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், அழாமல் படி.

மே மாதம் முதல் வெள்ளிக்கிழமை பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவருக்கு, முக்காட்டை எடுக்கப் போன கை அப்படியே தொங்கிவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பக்கவாதம். வலது கை, வலது கால். வாய் மட்டும் ரெண்டு மாதத்தில் திரும்பிவிட்டது. உங்கம்மாவின் வாயை வாதமாவது, ஒன்றாவது! கைதான் இன்னும் மடியிலேயே கிடக்கிறது. நான்தான் ஸ்பூனால் ஊட்டிவிடுகிறேன். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு குறை சொல்கிறார்.

உனக்கு எழுதக் கூடாதென்று அவர்தான் அந்தக் கோணிய வாயோடு எங்கள் ரெண்டு பேரிடமும் சத்தியம் வாங்கினார். "அவ வேலைய விட்டுட்டு ஓடியாந்துருவா. அஞ்சு வருசமா தனியா கெடந்து சம்பாரிச்ச பேர நான் கெடுக்க மாட்டேன்" என்றார். உன் பாஸ்குக் கடிதம் அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது வந்தது. அதை எப்படி அங்கே வைத்துச் சொல்வேன்? டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். எழுதினால் ரெண்டு பொய் சொல்ல வேண்டும், அதனால் எழுதவே இல்லை. மன்னித்துக்கொள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கைக்குக் கிடைத்த கெட்டித் துணி நீ அனுப்பியதுதான். மூன்று மாதம் அதன்மேல்தான் படுத்திருந்தார். அனுப்ப வேண்டிய நாள் வந்ததும் அப்படியே மடித்து வைக்கத்தான் எடுத்தேன். உங்கம்மா என் முந்தானையை இடது கையால் பிடித்துக்கொண்டார். "லூர்து, என் மூத்திரத்த வெளிநாட்டுல மாட்டி வைப்பியா?" என்று கேட்டார். அதுவரை நான் அவர் அழுது பார்த்ததில்லை.

பாலக்கரைக் குழாயில் குடிக்கவே தண்ணீர் இல்லை. டெட்டாலில் ஊறவைத்து, வாளியோடு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனேன். வைஜயந்தி கொள்ளிடக் கரையில் வெளுக்கிற வீரம்மாளிடம் கூட்டிப்போனாள். "கோச்சுக்காதீங்கோ, இன்னிக்கு எங்காத்துல ஸ்ராத்தம்" என்று தள்ளியே நின்றாள். ஆனால் வெயிலில் கடைசி வரை நின்றாள். வீரம்மாள் அடித்துத் துவைத்த சத்தம் அக்கரைக்குக் கேட்டிருக்கும். உங்கண்ணனுக்கு அந்த மரியாதைக் கதையை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவர் அதை நம்பியே எழுதிவிட்டார்.

இப்போது உன் கடிதத்தை அத்தைக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். டப்பாவில் இருந்ததையும் சேர்த்து. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ரெண்டு நாள் ஊட்டினால் வாயைத் திறந்தார், பேசத் திறக்கவில்லை. பிறகு திடீரென்று, "வெளுத்து அனுப்பினதுக்கு அந்த ஆளு திட்டலியா?" என்றார்.

"இல்லையே அத்தை. மாட்டி வச்சிருக்காராம்."

"என்ன வெளுத்தோம்னு கேட்டானா?"

"கேட்டாராம்."

"தாய் தகப்பன் இருக்காங்களா? அந்தப் பேரு வாயில நுழையல. நான் சூசைன்னே சொல்லிக்கறேன்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அதோடு நிற்கவில்லை. "எல்லாஞ்சரி. நான் கை நனைக்காத வீட்டுக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேன். வாசப்படியே தாண்ட முடியல, சீமைக்கு எங்கேர்ந்து போயி நனைப்பேன்?" என்று சொல்லிவிட்டார். நானும் உங்கண்ணனும் எவ்வளவோ பேசிப் பார்த்தோம். முறை முறைதானாம்.

இருதயநாதன் வீட்டுப் பையனுக்கு லால்குடியில் முடிந்துவிட்டது. அங்கே கை நனைத்துவிட்டார்களாம்.

உன் அண்ணி,
லூர்து


உட்ரெக்ட்
28-10-1979

அன்புள்ள அண்ணிக்கு,

படித்துவிட்டு அழுதேன், உங்கள்மேல் கோபப்பட்டேன், திரும்பப் படித்தேன். அம்மாவை மூன்று மாதம் எடுத்துப் போட்ட உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. ஜனவரி பத்தாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். கல்யாணம் நடக்கிறதோ இல்லையோ, நான் வருகிறேன்.

கை நனைப்பது என்றால் என்ன என்று யோஸ்ட் கேட்டார். சொன்னேன். உங்களுக்கோ தாய் தகப்பன் இல்லை, அம்மா வந்து கை நனைக்கக் குடும்ப வீடு என்று ஒன்றும் இல்லை என்றேன். அவர் எழுந்து உள்ளே போய் ஒரு மேசை விரிப்பை எடுத்து வந்தார். அதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதன் கதையை அம்மாவுக்கு நிதானமாகப் படித்துக் காட்டுங்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் குளிர்காலத்தில் இந்த ஊரில் சாப்பாடே இல்லாமல் போனது. பூச்செடியின் கிழங்கை வேகவைத்துத் தின்றார்களாம். யோஸ்ட்டுக்கு அப்போது ஒன்பது வயசு. அந்தக் கிழங்கைத்தான் ஒரு நாள் அவர் அம்மா இந்த விரிப்பில் வைத்துப் பரிமாறினார். சாப்பிட்டதும் அப்பா, உருளைக்கிழங்கு எங்காவது கிடைக்குமா என்று பார்க்கச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிராமத்துப் பக்கம் போனார். திரும்பி வரவில்லை. அம்மா அந்த விரிப்பைத் துவைக்கவே இல்லை. அக்கம்பக்கத்தார் சொன்னபோது, அவர் இன்னும் இந்த மேசையிலிருந்து எழுந்திருக்கவில்லை என்றாராம். சட்டி வைத்த வட்டமான பழுப்புக் கறையும் மெழுகுவர்த்திச் சொட்டும் அப்படியே இருக்கின்றன. அவர் ஓவியத்தை விட்டுத் துணிக்கு வந்ததே இதனால்தான். மியூசியத்தார் எத்தனையோ முறை கேட்டும் அவர் கொடுத்ததில்லை. அதற்குப் பிறகு யாரும் அதில் சாப்பிட்டதும் இல்லை.

"உன் அம்மாவால் வர முடியாது. அதனால் எங்கள் வீட்டு மேசை போகட்டும்" என்றார். தன் கையாலேயே மடித்துக் கட்டினார். அம்மாவுக்கு மனசில்லையென்றால் பேசாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள், வருத்தப்பட மாட்டார்.

அண்ணி, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இதைத் துவைத்துவிடாதீர்கள்.

அமலா


பாலக்கரை
25-12-1979

இயேசு மரி சூசை துணை

அன்பு அமலாவுக்கும் (இந்தத் தடவை சேர்த்தே எழுதுகிறேன்) திரு. யோஸ்ட் அவர்களுக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துக்கள்.

விரிப்பு டிசம்பர் முதல் வாரம் வந்தது. வந்ததும் சகாயம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதை நல்லா ஊறவச்சா போயிரும்க்கா" என்றாள். அவளை வாசலோடு அனுப்பினேன். கதையை அத்தைக்கு ரெண்டு தரம் படித்தேன். அந்தப் பழுப்பு வட்டத்தை இடது கை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார்.

"அதுக்கப்புறம் அந்தம்மா இதுல யாருக்கும் சோறு போடலியா?"

"இல்லையாம் அத்தை."

"அப்ப அந்தப் பந்தி இன்னும் முடியல. அந்தப் புள்ளயும் தனியா உக்காந்தேதான் இருக்கு" என்றார். விரிப்பை மடிக்கச் சொல்லித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். சரியா, தப்பா, ஒன்றும் தெரியாமல் நானும் உங்கண்ணனும் தினம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அதனால்தான் எழுதவில்லை.

இன்று காலை பூசை முடிந்து வந்து, வழக்கம்போல் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் தட்டில் போட்டுக்கொண்டு ஊட்டப் போனேன். "ஸ்பூன வையி. அந்த விரிப்ப எடு" என்றார். நமக்கு மேசை ஏது? கூடத்தில் தரையிலேயே விரிக்கச் சொன்னார். உங்கண்ணன் தூக்கிக்கொண்டு வந்து, முதுகுக்குத் தலையணை வைத்து உட்காரவைத்தார். "அத்தை, மியூசியத்துல கேட்ட துணி. ஒரு சொட்டு பட்டாலும் போச்சு. நான் ஊட்டிவிடறேன்" என்றேன்.

"நீ ஊட்டிவிட்டா உன் கைதான்டி நனையும். நனைய வேண்டியது என் கை."

இடது கையால் வலது கையை மடியிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தார். அமலா, மே மாதத்திலிருந்து அந்தக் கை எதையும் பிடித்ததில்லை. ஒரு விள்ளல் எடுத்தார், விழுந்துவிட்டது. இரண்டாவது பாதி தூரம் போய் விழுந்தது. நான் பிடிக்கப் போனேன், ஒரு பார்வை பார்த்தார், உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது விள்ளல் வாய்க்குப் போயிற்று. அதே வேகத்தில் தட்டு சாய்ந்து குழம்பு கொட்டிவிட்டது. அந்தப் பழுப்பு வட்டத்தை ஒட்டினாற்போல், உள்ளங்கை அகலத்துக்கு. உங்கண்ணன் துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"வை துண்ட! யாரும் தொடக் கூடாது" என்று அத்தை போட்ட சத்தத்தில் சின்னவன் அழ ஆரம்பித்துவிட்டான். மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "சம்பந்தி வீட்டுத் துணி. சம்பந்தி சிந்துனா யாரு என்ன சொல்லப் போறா?"

உங்கண்ணன் தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அத்தை மிச்ச இட்லியைத் தின்று முடித்தார், எண்ணெய் ஜாஸ்தி என்று குறையும் சொன்னார்.

இனி அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: "சூசை மாப்பிள்ளைக்கு. நான் சாப்பிட்டேன். உங்கம்மா பந்தி நல்ல பந்தி. வரும்போது ஞானஸ்நானச் சீட்ட மறக்காம எடுத்துட்டு வாங்க, நம்ம கோயில்ல மூணு ஞாயித்துக்கெழமை கல்யாண ஓலை வாசிக்கணும். விரிப்பு என்கிட்ட இருக்கு. தபால்ல அனுப்ப மாட்டேன். நீங்களே வந்து வாங்கிக்கங்க."

துவைக்கவில்லை, மாதா சத்தியம். கீழே இருப்பது அத்தை போட்ட சிலுவை, வலது கையால். பக்கத்தில் மஞ்சளாக இருப்பது குழம்பு. கை கழுவுவதற்கு முன்னாலேயே பேனாவைப் பிடுங்கிவிட்டார். வேறு தாளில் எழுதலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இப்படியே அனுப்புகிறேன்.

லூர்து

†